கப்பலுக்குப் பொறுப்பான நாடு எது? கடல்வழிப் பயணம் உல்லாசத் தொழிலாக மாறிய வரலாறு

2020ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத் தொடக்கத்தில், 'டயமண்ட் பிரின்சஸ்' என்ற உல்லாசக் கப்பல் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் தனிமைப்படுத்தப்பட்டபோது, அதில் பயணிகளும் ஊழியர்களுமாக 3,711 பேர் இருந்தனர். கொரோனா வைரஸ் தொற்று கப்பலுக்குள் பரவிக்கொண்டிருந்தது. பயணிகள் தத்தம் அறைகளை விட்டு வெளியே வரக்கூடாது என்று உத்தரவிடப்பட்டது. ஆனால் அவர்களுக்கு உணவு சமைத்து, அறை வாசல் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையைக் கப்பல் ஊழியர்களே தொடர்ந்து செய்தார்கள். அந்த ஊழியர்களோ சிறிய அறைகளைப் பகிர்ந்துகொண்டு வாழ்ந்தவர்கள். பொது உணவுக்கூடத்தில் ஒன்றாக அமர்ந்து உண்டவர்கள். அவர்களில் 132 பேர் இந்தியர்கள். இறுதியில் அந்தக் கப்பலில் இருந்தவர்களில் 712 பேருக்குத் தொற்று உறுதியானது.

கப்பலை நடத்தியது அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு நிறுவனம். அதில் பறந்தது பிரிட்டனின் கொடி. அது நின்றது ஜப்பானின் கடற்பரப்பில். அதில் இருந்தவர்கள் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்தவர்கள். நடுக்கடலில் செல்லும் ஒரு கப்பலின் மீதான அதிகாரம், அது எந்த நாட்டின் கொடியைத் தாங்கியிருக்கிறதோ அந்த நாட்டுக்கே உரியது என்பது சர்வதேசச் சட்டத்தின் பழைய விதி. ஆனால் துறைமுகத்துக்கு வந்துவிட்ட கப்பலுக்குள் கொள்ளைநோய் பரவும்போது, அதைத் தடுக்க வேண்டியது கொடிக்குரிய நாடா, துறைமுகத்துக்குரிய நாடா, உரிமையாளரின் நாடா என்ற கேள்விக்குத் தெளிவான விடை இருக்கவில்லை. இந்தக் குறைபாட்டை ஜப்பானிய அரசே அப்போது சுட்டிக்காட்டியது.

இந்தக் குழப்பம் ஒரே நாளில் உருவானதல்ல. பயணிகள் கப்பல் போக்குவரத்து அரசுகளின் பணத்தில் வளர்ந்த ஒரு தொழில். பின்னர் அது படிப்படியாக எந்த அரசுக்கும் முழுமையாகக் கட்டுப்படாத ஒரு தொழிலாக மாறியது. அந்த மாற்றம் நிகழ்ந்து முடிய ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது.

தபால் பைகளோடு தொடங்கிய பயணம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, கடல் கடந்து செல்ல விரும்புபவர் முதலில் செய்ய வேண்டியிருந்தது காத்திருப்பது. சரக்கு நிரம்பி, காற்றும் சாதகமாக அமைந்த பிறகே கப்பல் புறப்படும். அது எந்த நாள் என்று மாலுமிக்கே தெரியாது. 1818ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் தேதி, 'பிளாக் பால்' நிறுவனத்தின் 'ஜேம்ஸ் மன்ரோ' என்ற பாய்மரக் கப்பல், முன்னரே அறிவித்தபடி, கொட்டும் பனியில் நியூயார்க்கிலிருந்து லிவர்பூலுக்குப் புறப்பட்டது. சரக்கு நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் குறித்த நாளில் புறப்படுவது என்ற இந்த ஏற்பாட்டிலிருந்துதான் பயணிகள் கப்பல் சேவை என்று இன்று நாம் அறிந்திருப்பது தொடங்குகிறது.

நீராவி இயந்திரம் வந்த பிறகு, போய்ச்சேரும் நாளையும் ஓரளவு சொல்ல முடிந்தது. 1838 ஏப்ரலில் 'சிரியஸ்', 'கிரேட் வெஸ்டர்ன்' ஆகிய இரு நீராவிக் கப்பல்கள் ஒரு நாள் இடைவெளியில் நியூயார்க்கை அடைந்தன. பொறியாளர் புருனல் வடிவமைத்த 'கிரேட் வெஸ்டர்ன்' சுமார் 15 நாட்களில் அட்லாண்டிக்கைக் கடந்திருந்தது. ஆனால் நீராவிக் கப்பலின் நிலக்கரிச் செலவு மிக அதிகம். பயணிகள் கொடுக்கும் கட்டணத்தை மட்டும் நம்பி அதை ஓட்ட முடியாது.

அந்த இடைவெளியை நிரப்பியது அரசின் தபால். கனடாவின் ஹாலிபாக்ஸ் நகரைச் சேர்ந்த சாமுவேல் குனார்ட், அட்லாண்டிக் தபாலைச் சுமக்கும் ஒப்பந்தத்தை 1839இல் பிரிட்டிஷ் அரசிடமிருந்து பெற்றார். அவரது 'பிரிட்டானியா' 1840 ஜூலையில் லிவர்பூலிலிருந்து முதல் பயணத்தைத் தொடங்கியது. ஸ்பெயின், போர்த்துக்கல் நாடுகளுக்குத் தபால் கொண்டுசென்றுவந்த மற்றொரு நிறுவனம், அதே 1840இல் கிழக்குத் திசைக்கும் விரிந்து, பி அண்ட் ஓ என்ற பெயரில் அரச பட்டயம் பெற்றது. இந்தியாவையும் இலங்கையையும் லண்டனோடு இணைத்த தபால் கப்பல்கள் இந்நிறுவனத்துடையவை. கடிதங்களும் அரசு ஆணைகளும் குறித்த காலத்தில் போய்ச்சேர வேண்டும் என்பது ஒரு பேரரசின் நிர்வாகத் தேவை. பயணிகள் அந்தத் தேவையோடு ஒட்டிக்கொண்டு பயணம் செய்தவர்கள் என்று சொன்னாலும் தவறில்லை.

அந்தப் பயணம் சுகமானதாக இருக்கவில்லை. 1842 ஜனவரியில் 'பிரிட்டானியா'வில் அமெரிக்கா சென்ற நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ், தமக்கு ஒதுக்கப்பட்ட அறையின் சிறுமையையும் கடல் கொந்தளிப்பையும் தமது பயண நூலில் விரிவாகக் கேலி செய்திருக்கிறார். பி அண்ட் ஓ நிறுவனம் இவ்விஷயத்தில் சற்று சாமர்த்தியமாக நடந்துகொண்டது. 1844இல் எழுத்தாளர் தாக்கரேக்கு மத்தியதரைக் கடல் வழியாகக் கெய்ரோ வரை சென்றுவர இலவசப் பயணச்சீட்டு வழங்கியது. அவரும் அதைப்பற்றி ஒரு நூல் எழுதினார். எழுதுகிறவர்களுக்கு இலவசப் பயணம் கொடுத்து விளம்பரம் தேடும் வழக்கத்துக்கு இப்போது 180 வயதாகிறது.

அடித்தட்டில் சென்றவர்கள்

தபாலுக்கு அடுத்தபடியாகக் கப்பல் நிறுவனங்களை வாழவைத்தவர்கள் குடியேறிகள். முதல் வகுப்பு உணவுக்கூடங்களின் படங்களே பழைய கப்பல்களைப் பற்றிய நூல்களில் அதிகம் காணப்படுகின்றன. ஆனால் ஆட்களின் எண்ணிக்கையில் மேலோங்கியிருந்தவர்கள் கப்பலின் அடித்தட்டில், வரிசை வரிசையான மரப்பலகைப் படுக்கைகளில் சென்ற ஏழைகள்தான். அயர்லாந்தில் பஞ்சம் தலைவிரித்தாடிய 1847இல், கனடாவின் கிரோஸ் ஈல் தீவிலிருந்த தனிமைப்படுத்தல் நிலையத்தில் மட்டும் 5,000க்கும் அதிகமானோர் புதைக்கப்பட்டனர். டைபஸ் காய்ச்சல் அவர்களோடு கப்பலிலேயே பயணம் செய்து வந்திருந்தது.

பயணிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்கும் சட்டங்களை பிரிட்டன் 1803இலும் அமெரிக்கா 1819இலும் இயற்றியிருந்தன. அவற்றை விடவும் நிறுவனங்களின் போக்கை மாற்றியது 1891ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் எனலாம். அனுமதி மறுக்கப்படும் குடியேறிகளை, ஏற்றிவந்த நிறுவனமே தன் செலவில் திருப்பி அழைத்துச்செல்ல வேண்டும் என்றது அச்சட்டம். உடனே நிறுவனங்கள் புறப்படும் துறைமுகத்திலேயே மருத்துவப் பரிசோதனையைத் தொடங்கின. ஹாம்பர்க்-அமெரிக்கா நிறுவனம் 1901இல் ஹாம்பர்க் நகரில் குடியேறிகளுக்கென்று தனியான தங்குமிட வளாகமே கட்டியது. ஒரு நாட்டின் எல்லைச் சோதனை இன்னொரு நாட்டின் துறைமுகத்தில், ஒரு தனியார் நிறுவனத்தின் கைகளால் நடந்தது. இன்று விமான நிலையங்களில் விசாவைச் சரிபார்க்கும் விமான நிறுவன ஊழியரின் முன்னோடிகள் இவர்களே.

நியூயார்க்கை அடைந்த பிறகும் வகுப்பு வேறுபாடு தொடர்ந்தது. முதல், இரண்டாம் வகுப்புப் பயணிகள் கப்பலிலேயே சுருக்கமாகச் சோதிக்கப்பட்டு இறங்கிச் சென்றனர். அடித்தட்டுப் பயணிகள் மட்டும் 1892இல் திறக்கப்பட்ட எல்லிஸ் தீவுக்குப் படகுகளில் கொண்டுசெல்லப்பட்டனர்.

குளிர்காலத்தில் ஒரு யோசனை

மேற்சொன்ன ஹாம்பர்க் நிறுவனத்தை வழிநடத்தியவர் ஆல்பர்ட் பாலின். அவருக்கு ஒரு கணக்குச் சிக்கல் இருந்தது. குளிர்காலத்தில் வட அட்லாண்டிக்கைக் கடக்க விரும்புவோர் குறைவு. பெரும் முதலீட்டில் கட்டிய கப்பல்கள் துறைமுகத்தில் சும்மா நின்றன. 1891ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் தேதி, 'அகுஸ்டா விக்டோரியா' என்ற கப்பலை 241 பயணிகளோடு மத்தியதரைக் கடலைச் சுற்றிவர அவர் அனுப்பினார். ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்குப் பின்னர் கப்பல் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தது. போய்ச்சேர ஓர் ஊர் இல்லாமல், பயணத்துக்காகவே பயணம் என்ற ஏற்பாட்டை ஒரு பெரிய நிறுவனம் தொழிலாக ஏற்றது இதிலிருந்துதான்.

அந்த முயற்சி வெற்றிபெறவே, உல்லாசப் பயணத்துக்கென்றே வடிவமைக்கப்பட்ட முதல் கப்பலான 'பிரின்சஸின் விக்டோரியா லூயிசே' 1900இல் நீரில் இறக்கப்பட்டது. அது 1906 டிசம்பரில் ஜமைக்கா அருகே தரைதட்டி அழிந்தது. பயணிகள் அனைவரும் காப்பாற்றப்பட்டனர். கேப்டன் தம்மைச் சுட்டுக்கொண்டு இறந்தார். பாலின் தமது வாழ்நாள் உழைப்பு முதல் உலகப்போரில் சிதைந்ததைக் கண்டு, ஜெர்மன் பேரரசர் முடிதுறந்த 1918 நவம்பர் 9ஆம் தேதி தூக்க மாத்திரைகளை உட்கொண்டு உயிரிழந்தார்.

டைட்டானிக்கும் சிம்லா விதிகளும்

அக்காலத்தில் பெருங்கப்பல்கள் தேசியப் பெருமிதத்தின் சின்னங்களாகவும் இருந்தன. அமெரிக்கச் செல்வந்தர் ஜே. பி. மார்கனின் நிறுவனக் கூட்டமைப்பு 1902இல் பிரிட்டனின் வைட் ஸ்டார் நிறுவனத்தை வாங்கியதும் பிரிட்டிஷ் அரசு பதறியது. குனார்ட் நிறுவனமாவது பிரிட்டிஷார் கையில் இருக்க வேண்டும் என்பதற்காக, 'லூசிடானியா', 'மாரிடானியா' என்ற இரு கப்பல்களைக் கட்ட 26 லட்சம் பவுண்டுகளைக் குறைந்த வட்டிக்குக் கடனாகக் கொடுத்ததோடு ஆண்டு மானியமும் வழங்கியது. போர் மூண்டால் அவற்றைக் கடற்படை பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது நிபந்தனை.

மார்கன் வாங்கிய வைட் ஸ்டார் நிறுவனத்தின் கப்பல்தான் டைட்டானிக். அமெரிக்க முதலீடு, பிரிட்டிஷ் கொடி. 1912 ஏப்ரல் 15ஆம் தேதி அது மூழ்கியபோது சுமார் 1,500 பேர் உயிரிழந்தனர். கப்பலில் சுமார் 2,200 பேர் இருக்க, உயிர்காப்புப் படகுகளில் 1,178 பேருக்கே இடம் இருந்தது. இது சட்டமீறல் அல்ல என்பதுதான் வியப்பு. படகுகளின் எண்ணிக்கையைக் கப்பலின் கொள்ளளவைக் கொண்டு நிர்ணயித்த பிரிட்டிஷ் வர்த்தக வாரியத்தின் விதிகள், 10,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் எல்லாவற்றையும் ஒன்றாகவே கருதின. டைட்டானிக்கின் கொள்ளளவு 46,000 டன். விபத்தை முதலில் விசாரிக்கத் தொடங்கியது கொடிக்குரிய பிரிட்டன் அல்ல, அமெரிக்க செனட் சபை. பின்னர் பிரிட்டனில் நடந்த விசாரணையோ, படகு விதிகளை வகுத்த அதே வர்த்தக வாரியத்தின் பெயரால் நடந்தது.

இதன் விளைவாக, கடலில் உயிர்களின் பாதுகாப்புக்கான முதல் சர்வதேச உடன்படிக்கை 1914 ஜனவரியில் லண்டனில் கையெழுத்தானது. போர் குறுக்கிட்டதால் அது நடைமுறைக்கு வரவில்லை. 1929இல் புதிய உடன்படிக்கை வந்தது. கப்பலில் உள்ள எல்லோருக்கும் படகில் இடம் வேண்டும் என்பது இப்போது உலக விதியாயிற்று என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. முழு உண்மை அதுவல்ல. படுக்கை ஒதுக்கப்படாத பயணிகளைப் பெருந்தொகையில் ஏற்றிச்செல்லும் கப்பல்களுக்கு விதிவிலக்கு அளிக்க அந்த உடன்படிக்கை இடம் கொடுத்தது. அந்த விலக்கின் அடிப்படையில், மெக்கா யாத்திரிகர்களையும் ஆசியக் கடல்களில் செல்லும் டெக் பயணிகளையும் ஏற்றும் கப்பல்களுக்கென்று 1931இல் 'சிம்லா விதிகள்' என்ற தனி விதிகள் உருவாக்கப்பட்டன. அவற்றுக்குப் பதிலாக வேறொரு உடன்படிக்கை வந்தது 1971இல்தான்.

வங்கக் கடலைக் கடந்த தமிழர்கள் பெரும்பாலும் இந்த டெக் பயணிகளின் வகையைச் சேர்ந்தவர்கள். பிரிட்டிஷ் இந்தியா நிறுவனத்தின் 'ரஜூலா' 1926 முதல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழித்தடத்தில் ஓடியது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள பல தமிழ்க் குடும்பங்களின் நினைவில் இந்தப் பெயர் இன்றும் இருக்கிறது. சில நூறு பேருக்கே அறைகள். ஆயிரக்கணக்கானோர் பாய் விரித்துத் தளங்களில் படுத்தனர். பினாங்கில் டெக் பயணிகள் ஜெரெஜாக் தீவில் இறக்கப்பட்டுத் தனிமைப்படுத்தப்பட்டனர். இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றவர்களுக்கு மண்டபம் முகாம் இருந்தது. எல்லிஸ் தீவைப் பற்றி நூல்களும் திரைப்படங்களும் ஏராளம். மண்டபத்தைப் பற்றி அவ்வளவு இல்லை.

கதவுகள் மூடப்பட்டபோது

1921இலும் 1924இலும் அமெரிக்கா இயற்றிய சட்டங்கள் குடியேற்றத்துக்கு நாடுவாரியாக ஒதுக்கீடு விதித்தன. தெற்கு, கிழக்கு ஐரோப்பியர்களின் வருகை சடுதியாகச் சரிந்தது. கப்பல் நிறுவனங்களின் அடித்தட்டுப் படுக்கைகள் காலியாயின. அதே தட்டுகளில் சுவர் எழுப்பி, சிறு அறைகளாக்கி, 'சுற்றுலா மூன்றாம் வகுப்பு' என்று பெயரிட்டு, ஐரோப்பாவைப் பார்க்க விரும்பிய அமெரிக்க ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் நிறுவனங்கள் விற்றன. (வங்கக் கடலிலும் இதையொத்த ஒரு கதவு 1938இல் மூடப்பட்டது. மலாயாவுக்கு உதவித்தொகையில் தொழிலாளர் செல்வதை இந்திய அரசு அவ்வாண்டு தடை செய்தது.)

இக்காலத்தின் இன்னொரு நிகழ்வு அப்போது வேடிக்கையாகத் தோன்றியிருக்கக்கூடும். அதன் விளைவு நீண்டது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. அமெரிக்கக் கொடி தாங்கிய கப்பல் உலகின் எந்தக் கடலில் சென்றாலும் அதில் மது விற்கக்கூடாது என்று அரசு விளக்கம் அளித்தது. பயணிகளோ மது கிடைக்கும் பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கப்பல்களைத் தேடிச் சென்றனர். 'ரிலையன்ஸ்', 'ரெசொலூட்' என்ற இரு பயணிகள் கப்பல்களை வைத்திருந்த அமெரிக்க நிறுவனம், 1922இல் அவற்றைப் பனாமாவின் கொடிக்கு மாற்றியது. உரிமையாளர் மாறவில்லை. பொருந்தும் சட்டம் மட்டும் மாறியது. பின்னாளில் 'வசதிக் கொடி' என்று பெயர்பெற்ற இந்த உத்தியைச் சரக்குக் கப்பல்களும் எண்ணெய்க் கப்பல்களும் பின்பற்றின. 1940களின் இறுதியில் லைபீரியாவும் இத்தகைய கப்பல் பதிவேட்டைத் திறந்தது. உலகின் மிகப்பெரிய கப்பல் பதிவேடுகளில் இவ்விரு நாடுகளின் பதிவேடுகளும் இன்று அடங்குகின்றன.

ஆனால் 1930களில் அரசுகள் கப்பல்களைக் கைவிட்டுவிடவில்லை. மாறாக இன்னும் நெருக்கமாகப் பற்றிக்கொண்டன. பாதியில் நின்றுபோன 'குயின் மேரி'யைக் கட்டி முடிக்க பிரிட்டிஷ் அரசு 1934இல் கடன் கொடுத்தது. குனார்டும் வைட் ஸ்டாரும் இணைய வேண்டும் என்பது அதன் நிபந்தனை. போர்க்காலத்தில், 1943 ஜூலையில், அதே கப்பல் ஒரே பயணத்தில் 16,683 பேரைச் சுமந்து அட்லாண்டிக்கைக் கடந்தது. நாஜி ஜெர்மனியோ தொழிலாளர்களுக்கு மலிவான உல்லாசக் கப்பல் பயணங்களை அரசின் திட்டமாகவே நடத்தியது. பயணிகள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கண்காணிக்க உளவாளிகளும் உடன் சென்றனர். அத்திட்டத்துக்காகக் கட்டப்பட்ட 'வில்ஹெல்ம் குஸ்ட்லாஃப்', 1938 ஏப்ரலில் இங்கிலாந்துக் கரைக்கு அருகே, மூன்று மைல் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டு வாக்குச்சாவடியாகப் பயன்பட்டது. ஆஸ்திரியாவை ஜெர்மனி இணைத்துக்கொண்டதற்கு ஒப்புதல் கோரும் வாக்கெடுப்பில், பிரிட்டனில் வாழ்ந்த ஜெர்மானியரும் ஆஸ்திரியரும் அதில் வாக்களித்தனர். கொடி பறக்கும் இடம் அந்த நாட்டின் அதிகாரம் செல்லும் இடம் என்ற கோட்பாட்டுக்கு இதைவிட நேரடியான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. 1945 ஜனவரி 30ஆம் தேதி அகதிகளோடு அது மூழ்கடிக்கப்பட்டபோது 9,000க்கும் அதிகமானோர் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது.

அதே திட்டத்தில் உல்லாசப் பயணங்களை நடத்திய 'மான்டே ரோசா' என்ற ஜெர்மன் கப்பல், போருக்குப் பின் பிரிட்டன் வசமாகி 'எம்பயர் விண்ட்ரஷ்' என்று பெயர் மாற்றப்பட்டது. கரீபியத் தீவுகளிலிருந்து நூற்றுக்கணக்கானோரை ஏற்றிக்கொண்டு 1948 ஜூன் மாதம் அது டில்பரி துறைமுகத்துக்கு வந்தது. பிரிட்டனின் கறுப்பின மக்களின் வரலாற்றில் ஒரு தலைமுறைக்கே அக்கப்பலின் பெயர் நிலைத்துவிட்டது.

ஜெட் விமானமும் மயாமியும்

1958 அக்டோபரில் பிரிட்டனின் பிஓஏசி, அமெரிக்காவின் பான்ஆம் ஆகிய நிறுவனங்கள் சில வார இடைவெளியில் அட்லாண்டிக்கின் மீது ஜெட் விமான சேவையைத் தொடங்கின. ஐந்து நாள் பயணம் ஒரு பகலுக்குள் அடங்கிவிட்டது. பெரும்பங்கு அரசுப் பணத்தில் கட்டப்பட்டு, 1952இல் வேகச் சாதனை படைத்த 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' கப்பல் 1969இல் நிறுத்தப்பட்டது. பல பத்தாண்டுகள் துறைமுகத்தில் துருப்பிடித்துக் கிடந்த அது, புளோரிடா கடலில் மூழ்கடித்துச் செயற்கைப் பவளத்திட்டாக மாற்றும் நோக்கில் 2025 பிப்ரவரியில் பிலடெல்பியாவிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டது.

பிரான்சின் பெருமிதமாக 1962இல் பயணத்தைத் தொடங்கிய 'பிரான்ஸ்' கப்பலின் கதை இன்னும் துலக்கமானது. எண்ணெய் விலை ஏறிய பின், 1974இல் பிரெஞ்சு அரசு மானியத்தை நிறுத்தியது. ஆத்திரமடைந்த ஊழியர்கள் கப்பலை லெ ஹாவ்ர் துறைமுக வாயிலிலேயே நிறுத்திப் போராடினர். பலனில்லை. ஐந்தாண்டுகள் சும்மா கிடந்த அதை, 1979இல் நார்வேயைச் சேர்ந்த கப்பல் அதிபர் குனுட் குளோஸ்டர் வாங்கி, 'நார்வே' என்று பெயரிட்டு, கரீபியக் கடலுக்கு அனுப்பினார். அதற்கு முன், நான்கு உந்துவிசிறிகளில் இரண்டை அகற்றினார். வேகத்துக்காகக் கட்டப்பட்ட கப்பலுக்கு இனி வேகம் தேவையில்லை. மெதுவாகச் சென்றால் எரிபொருள் மிச்சம்.

குளோஸ்டர் இத்தொழிலுக்குள் வந்ததே ஒரு தற்செயல். பிரிட்டனுக்கும் ஜிப்ரால்டருக்கும் இடையே ஓட்டுவதற்காக அவர் கட்டிய 'சன்வர்ட்' கப்பலின் சேவை, ஸ்பெயினின் நெருக்கடியாலும் பிரிட்டனின் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடுகளாலும் படுத்துவிட்டது. மயாமியில் இருந்த இஸ்ரேலியரான டெட் அரிசன் தம்மிடம் பயணிகள் இருப்பதாகவும் கப்பல்தான் இல்லை என்றும் அவரைத் தொடர்புகொண்டார். 1966 டிசம்பரில் 'சன்வர்ட்' மயாமியிலிருந்து பஹாமாசுக்குச் சென்றுவரத் தொடங்கியது. சில ஆண்டுகளில் இருவரும் பிரிந்தனர். அரிசன் 1972இல் கார்னிவல் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் முதல் கப்பல் முதல் பயணத்திலேயே மயாமி துறைமுகத்துக்கு வெளியே தரைதட்டியது. இன்று உலகின் மிகப்பெரிய உல்லாசக் கப்பல் நிறுவனம் அதுவே.

லைனர் கப்பல்களை வீழ்த்திய ஜெட் விமானமே இப்புதிய தொழிலுக்கு ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்தது என்பது கவனிக்கத்தக்கது. சிகாகோவில் பனி பெய்யும்போது சில மணி நேரத்தில் மயாமிக்குப் பறந்து வந்து கப்பலேறிவிடலாம். 1977 முதல் ஒளிபரப்பான 'லவ் போட்' என்ற தொலைக்காட்சித் தொடர், கப்பல் பயணம் முதியவர்களுக்கும் செல்வந்தர்களுக்கும் மட்டுமானது என்ற எண்ணத்தைக் கலைத்தது. பயணியின் பணம் கப்பலுக்குள்ளேயே செலவாக வேண்டும் என்ற கணக்கில் கடைகளும் சூதாட்டக் கூடங்களும் பெருகின. 1977இல் குளோஸ்டரின் நிறுவனம் பஹாமாசில் ஒரு தீவையே வாங்கியது. அத்தீவில் இறங்கும் பயணி கரையில் செலவிடும் பணமும் கப்பல் நிறுவனத்துக்கே வந்து சேரும்.

கொடியும் கூலியும்

மதுவிலக்குக் காலத்து உத்தி, இத்தொழிலின் அடித்தளமாக மாறியது இப்போதுதான். மயாமியில் தலைமையகம், பயணிகளில் பெரும்பாலோர் அமெரிக்கர், ஆனால் நிறுவனங்கள் பனாமா, லைபீரியா, பெர்முடா போன்ற இடங்களில் பதிவு செய்யப்பட்டன. கப்பல்களில் பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளின் கொடிகள். வெளிநாட்டில் பதிவான நிறுவனங்களின் கப்பல் வருமானத்துக்கு, சில நிபந்தனைகளோடு, அமெரிக்க வருமான வரிச் சட்டம் விலக்களிக்கிறது. அமெரிக்கக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் அயல்நாட்டுக் கொடி தாங்கிய கப்பல்களின் ஊழியர்களுக்குப் பொருந்தாது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா உள்ளிட்ட நாடுகளிலிருந்து ஊழியர்கள் பல மாத ஒப்பந்தங்களில் வருகிறார்கள். 2013இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை அவர்களுக்கு ஒரு பாதுகாப்பு என்பதில் ஐயமில்லை. எனினும் நாளொன்றுக்கு 14 மணி நேரமும் வாரத்துக்கு 72 மணி நேரமும் வரையிலான வேலையை அதுவே அனுமதிக்கிறது.

இந்த ஏற்பாட்டின் பொருள் என்ன என்பது 2003 மே மாதம் வெளிப்பட்டது. மயாமி துறைமுகத்தில் நின்றிருந்த 'நார்வே'யின் கொதிகலன் வெடித்து எட்டு ஊழியர்கள் உயிரிழந்தனர். பாதிக்கப்பட்ட பிலிப்பைன்ஸ் ஊழியர்களும் உயிரிழந்தோரின் குடும்பத்தினரும் புளோரிடாவில் தொடுத்த வழக்குகளை, பணி ஒப்பந்தத்தில் உள்ள நிபந்தனையின்படி, பிலிப்பைன்சில் நடுவர் மன்றத்தின் முன் வைக்க வேண்டும் என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. வெடிப்பு நிகழ்ந்தது அமெரிக்க மண்ணை ஒட்டிய துறைமுகத்தில். விசாரணை பசிபிக் பெருங்கடலுக்கு அப்பால். அந்தக் கப்பல் மீண்டும் பயணிகளை ஏற்றவில்லை. 2006இல் குஜராத்தின் அலாங் கடற்கரைக்கு உடைப்பதற்காக வந்தது. அதிலிருந்த கல்நார் குறித்த எதிர்ப்புகளுக்கிடையே, இந்திய உச்ச நீதிமன்றம் 2007இல் அனுமதி வழங்கியது.

கொள்ளைநோய்க் காலத்தில் இந்த விலகலின் மறுபக்கத்தை நிறுவனங்களே சந்திக்க நேர்ந்தது. 2020 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றம் தொழில் நிறுவனங்களுக்கு அறிவித்த மீட்பு நிதி, அமெரிக்காவில் பதிவாகி, பெரும்பான்மை ஊழியர்களை அமெரிக்காவில் கொண்ட நிறுவனங்களுக்கே என்று வரையறுக்கப்பட்டது. பெரிய உல்லாசக் கப்பல் நிறுவனங்கள் இதில் அடங்கவில்லை. அதே மாத இறுதியில், அயல்நாட்டுக் கொடி தாங்கிய கப்பல்கள் தமது நோயாளிகளுக்கான மருத்துவ உதவியை முதலில் கொடிக்குரிய நாட்டிடம் கோர வேண்டும் என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படை அறிவுறுத்தியது. பஹாமாசிடம் அத்தனை கப்பல்களின் நோயாளிகளை ஏற்கும் மருத்துவமனைகள் எங்கே இருக்கும்? பயணிகள் பெரும்பாலும் சில வாரங்களில் வீடு திரும்பினர். ஊழியர்களில் பலர் மாதக்கணக்கில், பலர் ஊதியமின்றி, கடலிலேயே காத்திருந்தனர். இந்தியத் துறைமுகங்களும் மூடப்பட்டிருந்ததால், 'மரெல்லா டிஸ்கவரி' கப்பலில் இருந்த 140க்கும் மேற்பட்ட இந்திய ஊழியர்கள் தமது நாட்டின் கரையைப் பார்த்துக்கொண்டே நாட்கணக்கில் காத்திருந்து, 2020 ஏப்ரலில் மும்பையில் இறங்கினர்.

தொழில் வீழ்ந்துவிடும் என்று அப்போது பலர் கணித்தனர். அந்தக் கணிப்பு பலிக்கவில்லை. 2019இல் ஏறத்தாழ 3 கோடியாக இருந்த பயணிகளின் எண்ணிக்கை 2024இல் 3 கோடியே 40 லட்சத்தைத் தாண்டியது. 2024 ஜனவரியில் பயணத்தைத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்றவல்லது. அதன் கொள்ளளவு டைட்டானிக்கினுடையதைப் போல் ஐந்து மடங்குக்கும் அதிகம். அதில் பறப்பதும் பஹாமாசின் கொடியே.

ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவதற்கான கடல் பயணம் முற்றாக மறைந்துவிடவில்லை. ஆனால் அது பெரும்பாலும் அரசு கைகொடுக்கும் இடங்களிலேயே உயிரோடிருக்கிறது. சென்னைக்கும் மலேசியாவுக்கும் இடையே ரஜூலாவுக்குப் பின் ஓடிய இந்திய அரசு நிறுவனத்தின் 'சிதம்பரம்' கப்பல், 1985 பிப்ரவரியில் நேர்ந்த தீவிபத்தோடு நின்றுபோனது. தலைமன்னாருக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையிலான படகுச் சேவை இலங்கைப் போரால் 1980களில் முடங்கியது. 2023 ஜூன் மாதம், சென்னையிலிருந்து புறப்பட்ட உல்லாசக் கப்பல் ஒன்று யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறைக்கு வந்து, சுற்றுலாப் பயணிகளை இறக்கி, அவர்களோடு திரும்பிச் சென்றது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் சாதாரணப் பயணிகளுக்கான கப்பல் சேவை, இந்திய அரசின் ஆதரவோடு, அவ்வாண்டு அக்டோபர் 14ஆம் தேதி தொடங்கியது. சில நாட்களிலேயே வடகிழக்குப் பருவமழையால் அது நிறுத்தப்பட்டு, 2024 ஆகஸ்டில் ஒரு தனியார் நிறுவனத்தால் மீண்டும் தொடங்கப்பட்டது. அந்தக் கப்பலில் சுமார் 150 பேர் பயணம் செய்யலாம்.